கிருபை, விசுவாசம் என்பதெல்லாம் தெரியும். தவறியபின் நடைமுறையில் என்ன செய்வது?

பனையோலை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கிருபையினால் இரட்சிப்பு, விசுவாசத்தினால் நீதிமான் என்னும் உபதேசத்தை விளக்கும் பதிவுகள் ஏராளம். எபேசியர் 2:8-9-ஐ மனப்பாடமாய்ச் சொல்லக்கூடியவர்களும் ஏராளம். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மீதி ஆறு நாளில் அந்த உபதேசம் என்ன வேலை செய்கிறது என்று விவரமாய் எழுதுகிறவர்கள் குறைவு. மூன்று கேள்விகள்.

ஒன்று, விட்டுவிட வேண்டும் என்று போராடிக்கொண்டிருக்கும் பாவத்தில் மறுபடி விழுந்தவர் அன்றைக்கே என்ன செய்யவேண்டும்? நாலைந்து நாள் ஜெபிக்காமல் ஒதுங்கியிருந்துவிட்டு, மனம் கொஞ்சம் தெளிந்தபின் ஆண்டவரிடம் போவதுதான் பலருடைய வழக்கம். அது சரியா?

இரண்டு, எல்லாம் கிருபை என்றால் முயற்சி எதற்கு? விசுவாசத்தினால் நீதிமான் என்று பவுல் சொல்ல, கிரியைகளினாலும் (செயல்களாலும்) என்று யாக்கோபு சொல்கிறாரே, ஒரு விசுவாசி யார் சொல்வதைப் பிடித்துக்கொண்டு நடப்பது?

மூன்று, "ஆண்டவர் உனக்கு மன்னித்தார், நீயும் மன்னித்துவிடு" என்று சொல்லி, அநியாயத்தை அனுபவித்தவருடைய வாயையே அடைத்துவிடுகிறார்கள். இதற்கு எல்லை எங்கே?

எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் எழுதலாம். வசனமும் நடைமுறையும் சேர்ந்திருந்தால் நலம்.

கலங்கரை:

முதல் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: எது முந்தி, எது பிந்தி என்பதில். தேவன் ஏற்றுக்கொள்வது முந்தி, நாம் கீழ்ப்படிவது பிந்தி. இது பவுல் புதிதாய்க் கொண்டுவந்ததல்ல. இஸ்ரவேலர் செங்கடலைக் கடப்பது யாத்திராகமம் 14-ல். பத்துக் கட்டளைகள் வருவது 20-ல். அந்த 20-ம் அதிகாரமும் கட்டளையோடு தொடங்கவில்லை. அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின கர்த்தர் நானே என்று, நடந்து முடிந்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ரோமர் நிருபமும் அப்படியே. பதினோரு அதிகாரம் தேவனுடைய இரக்கத்தை விவரித்துவிட்டு, 12:1-ல் "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு" என்று சொல்லி நம்மிடம் கேட்கவேண்டியதைப் பவுல் கேட்கிறார்.

1563-ல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகளின் உபதேச நூலான ஹைடல்பெர்க் வினாவிடையின் அமைப்பு இதற்கு நல்ல உதவி. மொத்தம் 129 கேள்விகள், மூன்று பகுதிகள்: மனிதனுடைய நிர்ப்பந்தம், மீட்பு, நன்றியறிதல். பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாம் பகுதியில், அதாவது நன்றியறிதலில் வருகிறது. (1529-ல் வந்த லூத்தரின் சிறிய வினாவிடையில் கட்டளைகள் முதலில் நிற்கும். பாவத்தை உணர்த்த அந்த வரிசையும் தேவைதான். ஆனால் மன்னிக்கப்பட்டவர் எப்படி வாழ்வது என்று கேட்கும்போது ஹைடல்பெர்க் வரிசையே கைகொடுக்கும்.)

இந்த வரிசை தலைகீழானால் இரண்டு கேடு வரும். நன்றாய் நடந்த நாளில் பெருமை. தவறிய நாளில் ஒளிந்துகொள்வது. லூக்கா 18-ல் வரும் பரிசேயன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசிப்பதாகவும் தசமபாகம் செலுத்துவதாகவும் சொன்னது பொய் என்று இயேசு சொல்லவில்லை. அதை அளவுகோலாய் வைத்து, வரி வசூலிப்பவனான ஆயக்காரனை அளந்தான், அங்கேதான் கெட்டது. அதே அளவுகோல்தான் தவறிய நாளில் நம்மை ஜெபத்திலிருந்து துரத்துகிறது. ஆகவே அந்த நாலைந்து நாள் ஒதுங்கல் பணிவு அல்ல. நமக்கு நாமே விதித்துக்கொண்ட தண்டனை அது. தண்டனையை அனுபவித்து முடித்தால் உள்ளே போகத் தகுதி வரும் என்ற கணக்கு. எபிரெயர் 4:16 கிருபாசனத்தண்டையில் "தைரியமாய்" சேரச் சொல்வது, ஏற்ற சமயத்தில் சகாயம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான். விழுந்த வேளையைவிட அதற்கு ஏற்ற சமயம் வேறில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும் அவரை மறுதலித்த பேதுருவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் துக்கம் இருந்தது. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்திறந்து சொன்னான் (மத்தேயு 27). ஆனால் அதை ஆசாரியரிடம் கொண்டுபோனான், "எங்களுக்கென்ன" என்றுவிட்டார்கள். பேதுருவோ யோவான் 21-ல் கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டவுடன் கடலில் குதித்துப் போகிறான். துக்கத்தின் அளவில் அல்ல, அது யாரிடம் போனது என்பதில்தான் வித்தியாசம். 2 கொரிந்தியர் 7:10 சொல்லும் தேவனுக்கேற்ற துக்கமும் லௌகிக துக்கமும் இவைதான்.

இனி நடைமுறை. விழுந்த அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே அறிக்கையிடவேண்டும். "என் குறைகளை மன்னியும்" என்று பொதுவாய்ச் சொல்வது போதாது. என்ன செய்தேன், யாருக்கு விரோதமாய், எதைக் காப்பாற்றிக்கொள்ள என்ற மூன்றும் வரவேண்டும். "இன்று இன்னாரிடம் இந்தப் பொய்யைச் சொன்னேன், என் பெயர் கெடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்" — இவ்வளவே. இரண்டு மூன்று நிமிடம் போதும். மூன்றாவது பகுதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்; ஆனால் வேர் அங்கேதான் இருக்கிறது. பெயர் கெடுவதைக் குறித்த பயம் அப்படியே இருந்தால் அதே பொய் அடுத்த வாரம் வேறு ஆளிடம் வரும். அறிக்கையிட்டபின் 1 யோவான் 1:9-ஐ வாசித்து முடித்துக்கொள்ளுங்கள். அங்கே மன்னிப்புக்கு ஆதாரமாய்ச் சொல்லப்படுவது தேவன் உண்மையும் நீதியும் உள்ளவர் என்பது. நம் அழுகையின் அளவு அங்கே ஆதாரமாய் வரவில்லை.

அந்த நேரத்தில் பொருத்தனை பண்ணாதீர்கள். "இனி ஒருக்காலும் செய்யமாட்டேன், ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கிறேன்" என்பது பேரம். மூன்றாம் நாள் அது உடையும். அப்போது ஒன்றுக்கு இரண்டாய்க் குற்ற உணர்வு சேரும். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5.

பிறகு, விழுவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கமின்மையா, தனிமையா, ஆறாத கோபமா, கையில் இருந்த கைப்பேசியா? ரோமர் 13:14 இச்சைக்கு இடம் வைக்காதிருக்கச் சொல்கிறது. மனஉறுதியைக் கூட்டுவதைவிட அந்த ஒரு மணி நேரத்தை மாற்றுவது எளிது, பலனும் அதிகம். கடைசியாய், அதே பாவம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் தனியாய்ச் சமாளிக்கப் பார்க்காமல் ஒருவரிடம் சொல்லவேண்டும் (யாக்கோபு 5:16). மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு வகுத்த ஒழுங்கில் வாரந்தோறும் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு: கடந்த கூட்டத்துக்குப்பின் தெரிந்து செய்த பாவம் என்ன? என்ன சோதனை வந்தது? எப்படித் தப்பினாய்? மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். விழுந்ததை மட்டும் பேசும் குழு சீக்கிரமே சோர்ந்துபோகும்.

மாற்றம் எப்படி வருகிறது என்பதற்கு எபேசியர் 4:28 தெளிவான அச்சு. திருடுகிறவன் இனித் திருடாமல் இருக்கட்டும். கையினால் பாடுபட்டு வேலை செய்யட்டும். குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாக அப்படிச் செய்யட்டும். விடவேண்டியது, அந்த இடத்தில் வைக்கவேண்டியது, அதன் நோக்கம் என்று மூன்று பாகம். பெரும்பாலான தீர்மானங்கள் முதல் பாகத்தோடு நின்றுவிடுவதால்தான் தோற்கின்றன. "இனிப் புறங்கூறமாட்டேன்" என்பது பாதி. யாரைப்பற்றிப் பேச நாக்கு துடிக்கிறதோ அவருக்காக அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் ஜெபிப்பது, அல்லது அவரிடமே நேரில் பேசுவது இரண்டாம் பாகம். அவருக்குப் பக்திவிருத்தி உண்டாகவேண்டும் என்பது மூன்றாவது. அதே அதிகாரத்தில் பொய், கோபம், கெட்ட வார்த்தை ஆகியவற்றையும் இந்த அச்சில் போட்டு எழுதிப் பாருங்கள், நல்ல பயிற்சி.

பவுல், யாக்கோபு விஷயத்துக்கு ஆபிரகாமின் காலக்கணக்கே போதும். பவுல் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 15:6. யாக்கோபு எடுத்துக்காட்டுவது 22-ம் அதிகாரம், ஈசாக்கைப் பலியிடப் போன சம்பவம். 15-ம் அதிகாரம் இஸ்மவேல் பிறக்குமுன். அவன் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. பலிக்குப் போகும்போது ஈசாக்கு விறகைச் சுமக்கும் வயதுப் பிள்ளை. விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டதற்கும் அந்த விசுவாசம் கிரியையில் முழுமையாய் வெளிப்பட்டதற்கும் நடுவே பல ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் ஆகார் விஷயம் இருக்கிறது, அபிமெலேக்கிடம் சாராளைச் சகோதரி என்று சொன்னதும் இருக்கிறது. நீதிமானாக எண்ணப்பட்டவன் சறுக்கினான், தள்ளப்படவில்லை, அப்படியே விடப்படவுமில்லை. ஆகவே புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவரிடம் ஆறு மாதத்தில் 22-ம் அதிகாரத்தைத் தேடாதீர்கள். பல ஆண்டு ஆகியும் எந்தக் கிரியையும் இல்லாவிட்டால், யாக்கோபு 2:16-ல் வருகிறவனைப்போல, பசியோடிருப்பவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிற விசுவாசமா என்று சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அகல்:

சகோதரர் கலங்கரை எழுதியதில் பெரும்பகுதியைக் கத்தோலிக்கரும் மனமார ஏற்போம். தொடக்க அருளை (கிருபையை) யாரும் சம்பாதிக்க முடியாது என்று 1547-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கமும் சொன்னது. நம்பிக்கையோ செயலோ எதுவும் அதற்கு விலையாகாது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை இன்னும் வெளிப்படையானது: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவியார் நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்கிறது. மெத்தடிஸ்டுகள் 2006-லும் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-லும் இதில் இணைந்துகொண்டன.

வேறுபடும் இடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அருள் நம்மை உள்ளுக்குள் மாற்றுகிறது, நாம் அதோடு ஒத்துழைக்கிறோம், சாவான பாவத்தால் அதை இழக்கவும் கூடும் என்பது எங்கள் போதனை. சாவான பாவம் என்பதற்கு மூன்றும் சேர்ந்திருக்கவேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. இதை அறியாததால் பலர் எல்லாவற்றையும் சாவான பாவமாக எண்ணி நற்கருணை வாங்காமல் ஒதுங்குகிறார்கள். வேறு சிலர் எதுவுமே கனமானதல்ல என்று, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கே போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215-ல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது கீழ் எல்லை. அதையே போதுமான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தினசரிப் பழக்கமாக, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனையைச் சொல்வேன். பத்துப் பதினைந்து நிமிடம், ஐந்து படி. முதலில் அன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி. பிறகு, தன் பாவத்தைக் காண அருள் கேட்பது. மூன்றாவதாக எழுந்ததுமுதல் அந்நேரம்வரை மணி மணியாய்ப் பார்ப்பது: எண்ணம், சொல், செயல் என்ற வரிசையில். நான்காவது மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, கடவுளின் அருளோடு திருந்தத் தீர்மானிப்பது. முதல் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. நன்றியில்லாமல் நேராகக் கணக்குக்குப் போனால் அது வழக்கு மன்றமாகிவிடும். சில வாரத்தில் அந்தப் பழக்கமே நின்றுபோகும். இரண்டாம் படியும் அவ்வளவு முக்கியம். தன்னைத் தானே துருவிப் பார்ப்பதும், கடவுள் காட்டுவதைக் காண்பதும் ஒன்றல்ல.

ஒரே ஒரு குறையை மாற்றவேண்டும் என்றால் அவருடைய தனிச்சோதனை முறை உண்டு. காலையில் எழும்போதே அந்தக் குறையைக் குறித்து விழிப்பாயிருக்கத் தீர்மானம். மதிய உணவுக்குப்பின் அதுவரை எத்தனைமுறை விழுந்தோம் என்று எண்ணி, அந்த நாளுக்குரிய முதல் கோட்டில் அத்தனை புள்ளி. இரவு உணவுக்குப்பின் இரண்டாம் கோட்டில் மீதி. மதியத்தை இரவோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடுவது. ஒரு நேரத்தில் ஒரு குறைதான். மூன்று நான்கைச் சேர்த்துத் தொடங்கினால் ஒன்றும் நகராது. புள்ளிகள் கடவுளுக்குக் காட்டும் மதிப்பெண் அல்ல, நமக்குத் தெரியாமல் நடப்பதைக் கண்டுபிடிக்கவே. கீழே யாராவது மனச்சாட்சிக் கலக்கம் (மன்னிக்கப்பட்டோமா என்ற ஓயாத தவிப்பு) பற்றி எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்படிக் கலங்குகிறவர்கள் இந்தப் புள்ளி முறையைத் தொடவேண்டாம்.

வேம்பு:

மூன்றாம் கேள்விக்கு மட்டும் வருகிறேன். அது அவசரமானது.

மத்தேயு 18-ல் உள்ள உவமையின் தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தனக்குக் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னியாத கதை அது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம் (தெனாரியம் என்னும் வெள்ளி நாணயம்). மத்தேயு 20:2-ன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. உடன் ஊழியக்காரன் தரவேண்டியது 100 பணம். ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. இதைச் சொல்லும் பிரசங்கங்கள் பொதுவாய் "பாருங்கள், அற்பத் தொகை" என்று முடிந்துவிடும். ஆனால் 100 நாள் கூலி அற்பம் அல்ல, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. உனக்குச் செய்யப்பட்டது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவே இல்லை. நஷ்டம் உண்மை, அதன் அளவும் உண்மை. மன்னிப்பு என்பது அந்தத் தொகையைச் சரியாக எழுதி, பிறகு கிழிப்பது. எழுதவே விடாமல் "விட்டுவிடு" என்று அவசரப்படுத்துவது மன்னிப்பு ஆகாது, மூடி மறைப்பது.

பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விடுவது ஒன்று. உறவைப் பழையபடி தொடர்வது வேறு. நம்பி ஒப்படைப்பது இன்னும் வேறு. முதலாவது நம்மிடம் கேட்கப்படுகிறது. இரண்டாவதற்கு எதிராளியின் மனந்திரும்புதல் வேண்டும்: "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" (லூக்கா 17:3). மூன்றாவதற்குக் காலமும் நடத்தையும் வேண்டும். யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரரைக் கண்டவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. ஆதியாகமம் 42 முதல் 44 வரை சோதித்தான். பென்யமீனுக்குப் பதிலாய் யூதா தானே அடிமையாய் இருக்க முன்வந்தபின்தான் 45-ல் தன்னை வெளிப்படுத்தினான். அவன் மனதில் கசப்பு இருந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அடி, உதை, பாலியல் வன்முறை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் முதல் படி பாதுகாப்பான இடத்துக்குப் போவது. மத்தேயு 18:15-ல் உள்ள "தனித்திருக்கையில்" பேசும் படியை இப்படிப்பட்ட இடத்தில் யார்மேலும் சுமத்தக் கூடாது. காவல்துறையில் புகார் கொடுப்பது மன்னிப்புக்கு விரோதம் அல்ல. தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரம் இருக்கிறது என்று ரோமர் 13-ம் அதிகாரமே சொல்கிறது. போதகர்கள் இதை மேடையிலேயே சொல்லவேண்டும்.

மன்னிப்புக் கேட்பவருக்கும் ஒரு சொல். "மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்பதில் அறிக்கை எதுவும் இல்லை. செய்ததைப் பெயரிட்டுச் சொல்லுங்கள், அதனால் வந்த நஷ்டத்தைச் சொல்லுங்கள், ஈடுசெய்யுங்கள், "ஆனால்" என்ற சொல்லைத் தொடாதீர்கள். பதிலை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

பனையோலை:

மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட விரிவாய் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு கேட்கிறேன். ஒரே பாவத்தைப் பலமுறை அறிக்கையிட்டும் மன்னிக்கப்பட்டோமா என்று தவிக்கிறவர்களுக்கு என்ன சொல்வது? "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்ற பேச்சைக் கேட்டு நொந்துபோனவர்களுக்கு என்ன சொல்வது?

ஆற்றோரம்:

முதலாவதற்கு. இது பழைய துன்பம். இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் இருந்தபோது இதனால் மிகவும் வாடினார்; லூத்தர் மடத்தில் இருந்த நாட்களில் மணிக்கணக்காய்ப் பாவ அறிக்கை செய்தார். ஆகவே இதனால் தவிப்பவர் பக்தியில் குறைந்தவர் என்று யாரும் எண்ணவேண்டாம்.

அடையாளங்கள்: புதிதாய் ஒன்றும் செய்யாமலே பழையதை மறுபடி மறுபடி அறிக்கையிடுவது, "சரியாய்ச் சொல்லவில்லை" என்று அதே ஜெபத்தைத் திரும்பத் தொடங்குவது, மன்னிப்பு உண்டா என்று இரண்டு மூன்று போதகர்களிடம் மாறி மாறிக் கேட்பது, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்ற ஓயாத பயம். கடைசி பயத்துக்கு மாற்கு 3:28-30-ஐ முழுதும் வாசிக்கவேண்டும். அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று 30-ம் வசனம் விளக்குகிறது: இயேசு அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று சொன்ன வேதபாரகருக்கு. மன்னிப்புக்காக ஏங்குகிறவர் அவர்களுடைய வரிசையில் இல்லை.

ஆறுதல் சொல்லிக்கொண்டே இருப்பது ஏன் வேலை செய்வதில்லை? உறுதிமொழி கேட்டவுடன் பயம் கொஞ்ச நேரம் தணிகிறது. தணிந்ததால் மனம் மறுமுறையும் அதையே கேட்கப் பழகுகிறது. ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனியாகிறது. எனவே: ஒரே ஒரு ஆலோசகர் அல்லது ஒரே ஒரு குருவானவர். ஒரு பாவத்துக்கு ஒரு அறிக்கை. அதை மறுபடி திறப்பதில்லை என்று அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது. சந்தேகம் வந்தால் ஜெபத்தைத் திரும்பச் செய்யாமல், பயத்தோடே அடுத்த வேலையைத் தொடங்குவது. 1 யோவான் 3:20 இவர்களுக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது: இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர். பயம் நீங்கினால்தான் விசுவாசம் என்பதில்லை. பயம் இருக்கும்போதே அந்த வசனத்தின்மேல் ஒரு அடி எடுத்து வைப்பதும் விசுவாசம்தான்.

இது நாளில் மணிக்கணக்கைத் தின்கிறது, தூக்கம், வேலை கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோய்க்கு மதம் சார்ந்த வடிவமும் உண்டு. பயம் தரும் எண்ணத்தை எதிர்கொண்டு, வழக்கமாய்ச் செய்யும் சரிபார்ப்பைச் செய்யாமலிருக்கப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இரண்டும் பலருக்குப் பலன் தருகின்றன. சிகிச்சைக்குப் போவதால் விசுவாசத்தை விட்டுக்கொடுத்ததாகாது.

கலங்கரை:

இரண்டாவதற்குச் சுருக்கமாய். அந்தப் பேச்சு விசுவாசத்தை விலையாக்கிவிடுகிறது. இவ்வளவு விசுவாசம் கொடுத்தால் இவ்வளவு சுகம். விலை கொடுத்து வாங்கினால் அது கிருபை அல்ல. வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. பவுல் தன் மாம்சத்தில் முள்ளாய்க் குத்திய பலவீனம் நீங்க மூன்றுதரம் வேண்டினார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" (2 கொரிந்தியர் 12:9). துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). விசுவாசத்தைக் கூட்டிக்கொள் என்று சொல்லவில்லை. மாற்கு 9:24-ல் பிள்ளையின் தகப்பன், அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று பாதி விசுவாசத்தோடு கதறினான், பிள்ளை சுகமானான். எபிரெயர் 11-ஐ 35-ம் வசனத்தின் நடுவில் நிறுத்தாமல் வாசியுங்கள். சிங்கத்தின் வாயை அடைத்தவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் அங்கே ஒரே விசுவாசத்தில் நிற்கிறார்கள்.

சர்க்கரை, வலிப்பு, இரத்த அழுத்தம், மனநோய் ஆகியவற்றுக்கான மருந்தை "விசுவாசத்தில்" நிறுத்தச் சொல்லும் எவருடைய பேச்சையும் கேட்கவேண்டாம். உயிருக்கே ஆபத்து. நோயாளிக்கு ஜெபிக்கப் போகிறவர் முதலில் சாப்பாடு கொண்டுபோங்கள், ஒரு சங்கீதம் வாசியுங்கள், காரணம் தேடாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் 88-ம் சங்கீதம் இருக்கிறது. இருளிலேயே முடிகிற ஜெபம் அது, ஆனாலும் தேவனை நோக்கிச் சொல்லப்பட்ட ஜெபம்.

பனையோலை:

கடைசியாய் ஒன்று. ஈடுசெய்வது பற்றி வேம்பு எழுதினார். பணத்தில் ஏமாற்றியவர் எவ்வளவு திருப்பித் தரவேண்டும்? அந்த ஆள் இறந்துபோயிருந்தால்?

வேம்பு:

எண்ணாகமம் 5:7 தானாக அறிக்கையிடுகிறவனுக்குச் சொல்வது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். லேவியராகமம் 6:5-லும் அதே அளவு. 1,000 என்றால் 1,200. லூக்கா 19-ல் வரும் ஆயக்காரனான சகேயு நாலத்தனையாகத் (நான்கு மடங்காகத்) தருகிறேன் என்றான், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும் கொடுத்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொன்னதற்குப் பிறகு வந்த கணக்கு அது. எனவே கிறிஸ்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு சட்டம் அல்ல என்றாலும், வெறும் முதலோடு நிறுத்தாமலிருக்க நல்ல அளவு.

ஆள் இல்லையென்றால் வாரிசுகளுக்கு. வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. இன்றைக்கு ஏழைகளுக்குக் கொடுக்கலாம். சபைக்குக் கொடுப்பதானால் பெயர் இல்லாமல் கொடுங்கள், அதைக் காணிக்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். வாரிசு உயிரோடிருக்கும்போது சபைக்குக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வது சரியல்ல. கையில் மொத்தமாய் இல்லாவிட்டால் தவணையாய்த் தாருங்கள். தொகையையும் தேதியையும் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். அறிக்கையிடுவதால் மூன்றாம் ஆளுக்குச் சட்டச் சிக்கலோ ஆபத்தோ வருமானால், பணத்தை அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரையும் போதகரையும் கலந்துகொள்ளுங்கள்.